பள்ளிக்கூடச் சட்டமும் பாட்டாளி வீட்டுப் பிள்ளையும்

சட்டத்தை மீறுவோர் யார் என்று கேட்டால், கள்ளச் சாராயம் காய்ச்சுபவன், மணல் கடத்துபவன், பூட்டை உடைப்பவன் என்றுதான் சட்டென்று பதில் வரும். ஆனால், நாள் தவறாமல், காலை மணி அடித்த கணத்திலிருந்து மீறப்படுகிற சட்டம் ஒன்று நாட்டிலே உண்டு. அதை மீறுவோர் மீது வழக்கில்லை, வாய்தா இல்லை, விலங்கில்லை. ஏனெனில் மீறுவது சர்க்கார்! மீறப்படுவது ஏழை வீட்டுப் பிள்ளையின் உரிமை!

2009-ல் பாராளுமன்றம் இயற்றி, 2010 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தைத்தான் சொல்கிறோம். அதுவும் எளிதிலே வந்ததன்று. 14 வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி தரப் பத்தாண்டுக்குள் முயல்வோம் என்று, 1950-ல் நடப்புக்கு வந்த அரசியல் சட்டத்தின் 45-வது பிரிவிலே எழுதி வைத்தனர். 1960 வந்தது, போயிற்று. நம் மாநிலத்திலோ, 1953-ல் ஆச்சாரியார் பிள்ளைகளுக்கு அரை நாள் பள்ளியே போதும் என்றார். கொதித்தெழுந்த எதிர்ப்பில் அடுத்த ஆண்டே அது குழியில் விழுந்தது. டில்லிக்கு விழிப்பு வர 2002 ஆயிற்று. அப்போது 21-ஏ பிரிவைச் சேர்த்தனர். ஏழாண்டு கழித்துச் சட்டம் செய்தனர். பத்தாண்டுத் தவணைக்கு ஐம்பதாண்டுத் தாமதம்! நம் தெரு வட்டிக்கடைக்காரன் பொறுப்பானா இப்படி?

சரி, வந்த சட்டம் என்ன சொல்கிறது? தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர். 90 வரை 3 ஆசிரியர். 120 வரை 4 ஆசிரியர். ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் குறைந்தது ஒரு வகுப்பறை. ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பறை. நல்ல குடிநீர். சமையற்கூடம், விளையாட்டுத் திடல், நூலகம், சுற்றுச்சுவர் அல்லது வேலி. கால் நடக்க முடியாத பிள்ளையும் ஏறி வரத் தடையில்லாத வழி. ஆசை காட்டும் பட்டியலன்று இது, சட்டத்தின் அட்டவணை! இருக்கும் பள்ளிகள் மூன்றாண்டுக்குள், அதாவது 2013 மார்ச் 31-க்குள், இந்த நிலைக்கு வந்திருக்க வேண்டும்.

வரவில்லையென்றால்? இங்கேதான் சூட்சுமம். தனியார் பள்ளிக்கு அங்கீகாரம் போகும். அதன் பிறகும் நடத்தினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், தொடர்ந்தால் நாளொன்றுக்குப் பத்தாயிரம். அரசுப் பள்ளிக்கும் ஊராட்சி ஒன்றியப் பள்ளிக்கும் அங்கீகாரச் சான்றிதழே வேண்டாம் என்று அதே சட்டத்தின் 18-வது பிரிவு விலக்களிக்கிறது. பறிக்க அங்கீகாரம் இல்லை. ஆகவே பயமும் இல்லை. பல்லுள்ள சட்டம் ஒரு பக்கம் கடிக்கிறது, மறுபக்கம் நக்குகிறது!

அந்தப் பல்லாவது கடித்ததா? விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவிலே விக்கிரவாண்டி. அங்கே ஒரு தனியார் பள்ளியில், 2025 ஜனவரி 3-ம் நாள், எல்.கே.ஜி. படித்த சிறுமி கழிவுநீர்த் தொட்டிக்குள் விழுந்து மாண்டாள். பள்ளி நடத்தத் தாசில்தாரின் கட்டட உரிமம் வேண்டும். பொறியாளரின் உறுதிச் சான்று வேண்டும். சுகாதாரச் சான்று வேண்டும். தீயணைப்புத் துறையின் சான்று வேண்டும். நாலு சான்று, நாலு முத்திரை! காகிதம் எத்தனை இருந்தென்ன, தொட்டியின் மீது ஒரு நல்ல மூடி இருந்திருந்தால் அந்தப் பிஞ்சு பிழைத்திருக்கும். கும்பகோணத்தில் 2004 ஜூலை 16-ல் 94 குழந்தைகள் தீயிலே கருகினார்கள். அச்சமின்றிப் பாதுகாப்பாகப் படிப்பதும் கல்வி உரிமையில் அடங்கியதே என்று 2009-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2021 டிசம்பரில் நெல்லையில் பள்ளிக் கழிவறைச் சுவர் இடிந்து 3 மாணவர்கள் உயிரிழந்தனர். ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் ஒரு சுற்றறிக்கை!

விழுப்புரமும் திண்டிவனமும் வெறும் ஊர்ப் பெயர்களல்ல. கல்வி மாவட்டங்களின் பெயர்கள். இங்கே பள்ளிக்கு வருவது யார் வீட்டுப் பிள்ளை? மரக்காணத்து உப்பளத்தில் கால் வெடிக்க நிற்பவர் வீட்டுப் பிள்ளை. செங்கல் சூளையில் மண் மிதிப்பவர் பிள்ளை. கரும்பு வெட்ட ஊர் ஊராய்ப் போகிறவர் பிள்ளை. கள்ளக்குறிச்சி பிரியாதிருந்த 2011-ல், மாநிலத்தில் 100-க்கு 80 பேர் எழுத்தறிந்திருந்தபோது விழுப்புரம் மாவட்டத்தில் 72 பேர்தான். இந்தப் பிள்ளைகளுக்குத் தனிப் பயிற்சி இல்லை, வீட்டில் சொல்லித்தர ஆளில்லை. இரண்டு ஆசிரியர் பள்ளியில் ஒருவர் விடுப்பெடுத்தால் மற்றவர் ஐந்து வகுப்புக்கும் ஒற்றை ஆள். அவரும் பாதி நேரம் ‘எமிஸ்’ பதிவில் விரல் தேய்க்கிறார். (ஆசிரியரைத் திட்டுவது எளிது, தோழர்களே. திட்ட வேண்டிய இடம் மேலே இருக்கிறது.)

மேலே என்றால்? செலவுக்கு மத்திய சர்க்காரும் மாநில சர்க்காரும் சேர்ந்தே பொறுப்பு என்கிறது 7-வது பிரிவு. டில்லி செய்ததென்ன? பி.எம்.ஸ்ரீ ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்று, 2024-25-க்குத் தர வேண்டிய ஏறத்தாழ 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வைத்தது. மும்மொழியை விழுங்கினால்தான் பிள்ளைக்குச் சோறு என்கிற நியாயம்! 2025 மே மாதம் தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் சென்றது. ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம், கல்வி உரிமைச் சட்டப் பணத்தைக் கல்விக் கொள்கையோடு முடிச்சுப் போட வேண்டியதில்லை என்றது. அதே தீர்ப்பு, டில்லி தரவில்லை என்று சொல்லி மாநிலமும் தன் கடமையிலிருந்து நழுவ முடியாது என்றும் சொன்னது. முதல் பாதியை மட்டும் மேடையில் பேசுவது நமக்கு அழகன்று. தனியார் பள்ளிகளில் ஏழைகளுக்கான 25 விழுக்காட்டுச் சேர்க்கை அந்த ஆண்டு அக்டோபரில்தான் தொடங்கிற்று. அதுவரை பிள்ளை எங்கே உட்கார்ந்திருந்தது?

கிளைத் தோழர்கள் செய்ய வேண்டியது கூட்டமும் கண்டனமும் மட்டுமல்ல. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்கிறது 21-வது பிரிவு. குழு தீட்டும் பள்ளி வளர்ச்சித் திட்டமே அரசு மானியத்துக்கு அடிப்படை என்கிறது 22-வது பிரிவு. தலைமையாசிரியர் நீட்டுகிற இடத்தில் கையெழுத்திடுவதற்கல்ல அந்தக் குழு. உப்பளத்துப் பெண்கள், சூளைப் பெண்கள் அதில் உட்கார வேண்டும். கூலி போகாத நேரத்தில் கூட்டம் வைக்கச் சொல்ல வேண்டும். தொட்டி மூடியை, சுவரின் விரிசலை, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்பதை நேரில் பார்த்து எழுத வேண்டும்.

குறை இருந்தால் 32-வது பிரிவின்படி உள்ளாட்சி அமைப்புக்கு எழுத்திலே புகார் கொடுக்கலாம். மூன்று மாதத்துக்குள் விசாரித்து முடிவு சொல்லியாக வேண்டும். அந்த முடிவு ஏற்கத்தக்கதாக இல்லாவிட்டால் மாநிலக் குழந்தை உரிமை ஆணையத்துக்கு மேல்முறையீடு. ஒன்றியப் பள்ளிக் கட்டடத்தைக் கடைசியாகச் சோதித்தது யார், எந்த நாளில் என்பதைத் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டிக் கேட்டால் 30 நாளில் பதில் வர வேண்டும். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளோர் அந்தப் பத்து ரூபாயும் கட்ட வேண்டாம். திண்டிவனம் பக்கத்தார் சார் ஆட்சியர் அலுவலகத்திலும், விழுப்புரத்தார் திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்திலும் மனுவின் நகலைக் கொடுத்து, ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.