ஓடும் ஸ்பேனியலுக்கு ஏற்ற தீனி

பெரும்பாக்கம் பகுதியில் ஸ்பேனியல் நாய் வளர்ப்போர் தயிர்சோறு மட்டும் போட்டால் போதாது. புதரிலும் சதுப்பிலும் பறவைகளைக் கிளப்புவதற்கென்றே உருவான வேட்டை இனம் இது. வளர்ந்த நாயின் தீவனத்தில், ஈரம் நீக்கிய கணக்கில், புரதம் குறைந்தது 18 சதவீதம் இருக்க வேண்டும். நிறைய ஓடும் நாய்க்கு இன்னும் கூடுதலாகத் தேவை. சோற்றுடன் வேகவைத்த முட்டை, எலும்பு நீக்கிய கோழிக்கறி சேர்க்கலாம். ஆனால் கறியும் சோறும் மட்டுமே என்றால் சுண்ணாம்புச் சத்து குறையும். கால்நடை மருத்துவரைக் கேட்டு அதை ஈடுகட்டவும். வெங்காயம், திராட்சை, சாக்லேட் கூடவே கூடாது. வெயிலுக்கு முன் ஓடவிட்டு, இளைப்பு அடங்கிய பின் தீனி வைக்கவும்.

ஞாயிறு மட்டும் ஓடும் நாய்க்கும் இதே அளவு வைத்தால் கொழுத்துவிடும். ஸ்பேனியல் எப்போதும் பசித்ததுபோலவே பார்க்கும். அதை நம்ப வேண்டாம். விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் துருத்திக்கொண்டு தெரியக் கூடாது. தொங்கும் காது தீனியில் தோயாதிருக்க, வாய் குறுகிய ஆழமான கிண்ணமே நல்லது.