காணாமற்போன பிள்ளை: சான்றிதழும் தேடலும்

மாம்புரி போன்ற கரையோரக் கிராமங்களில் இடம்பெயர்ந்து வாழும் நம்மிடையே, போர்க்காலத்தில் காணாமற்போன இளைஞர் யுவதிகளைத் தேடும் பெற்றோரும் உளர். பிள்ளையின் கதி தெரியாமல் மரணச் சான்றிதழ் கேட்க எந்தத் தாய்க்கும் மனம் வராது. ஆனால், சான்றிதழ் ஒன்றுமின்றேல் அப்பிள்ளையின் பெயரிலுள்ள காணியையோ வங்கிப் பணத்தையோ கையாள்வது கடினம்.

இதற்கு 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம் வழி செய்தது. ஓராண்டுக்கு மேலாகத் தகவலற்றவருக்காகக் 'காணாமற்போனமைக்கான சான்றிதழ்' பெறலாம். அவர் இறந்துவிட்டதாக அது கூறாது. ஆயினும், அதைக்கொண்டு அவரது சொத்தைப் பராமரிக்கலாம். நலன்புரி உதவிக்கும் விண்ணப்பிக்கலாம். முன்னர் மரணச் சான்றிதழ் பெற்றோரும் இதனைக் கோரலாம்.

சான்றிதழ் பெறுவதால் தேடலைக் கைவிட்டதாகாது. காணாமற்போனோர் அலுவலகத்தில் முறையிடலாம். மன்னாரிலும் அதன் பிராந்திய அலுவலகம் அமைக்கப்பட்டது. விசாரிப்பது அதன் பணி; தண்டிக்கும் அதிகாரம் அதற்கில்லை.

1989-90இல் எம்பிலிபிட்டியவில் மாணவர்கள் காணாமற்போயினர். பெற்றோர் விடாது முறையிட்டனர். 1999இல் இரத்தினபுரி மேல் நீதிமன்றம் குற்றவாளிகளைத் தண்டித்தது. பிள்ளைகளோ திரும்பவில்லை.

ஆகவே முறைப்பாட்டுப் பிரதி, பிறப்புச் சான்றிதழ், புகைப்படம் ஆகியவற்றை மழை, வெள்ளம் படாமல் ஒன்றாகப் பேணுவோம். அவை நம் பிள்ளைக்காகப் பேசும்.