திரும்பி வராத சீட்டு

சேலத்துக்கு வடக்கே, சேர்வராயன் மலையடிவாரத்தில் இருக்கும் கொண்டப்பநாயக்கன்பட்டி போன்ற ஊர்களில், காய்ச்சல் கண்ட குழந்தையையும் சர்க்கரை ஏறிக் கால் புண்ணான கிழவியையும் அழைத்துக்கொண்டு ஜனங்கள் முதலில் போவது பெரியாஸ்பத்திரிக்கு அன்று; கைராசிக்காரர் என்று பெயரெடுத்த பக்கத்துத் தெரு டாக்டரிடந்தான். அந்தக் கைராசிக்கும் வயதாகும்; இருபத்தைந்து வருஷத்துக்கு முன் கற்ற வைத்தியத்தையே அவர் இன்றும் செய்துகொண்டிருக்கிறாரா என்று நாம் கேட்பதில்லை.

கேட்டால், காலையும் மாலையும் காத்திருக்கும் கூட்டத்தை விட்டுவிட்டு எங்கே போய்ப் படிப்பது என்பார். அதிலும் நியாயம் உண்டு. ஆகவே புது மருந்தின் குணாதிசயங்களை அவருக்கு உபதேசிக்கும் ஆசான், பல சமயங்களில், பையோடு வாசலில் நிற்கும் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியாகவே அமைந்துவிடுகிறார். விற்கிறவரே வாத்தியாராகவும் இருக்கும் விசித்திரமான குருகுலம் இது!

ஐந்து ஆண்டுகளில் 30 மணி நேரமாவது தொடர்கல்வி பெறவேண்டும் என்று 2002ஆம் வருஷத்து மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. கணக்குப் பார்த்தால் மாதத்துக்கு அரைமணி. அந்த அரைமணியிலும், ஓட்டல் மண்டபத்தில் நிபுணர் ஒருவர் இருதய சஸ்திர சிகிச்சையின் சூட்சுமங்களை விவரிக்கக் கேட்டு, கையெழுத்திட்டு, சாப்பிட்டுத் திரும்புகிறவருக்கு, மறுநாள் இருமிக்கொண்டு வரும் தறிக்காரரிடம் அது என்ன பிரயோஜனப்படும்?

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 2006இல் தொடங்கிய குடும்ப மருத்துவப் பட்டயப் படிப்பு இந்த இடத்தைத்தான் சரியாகத் தொட்டது. டாக்டர் தம் கிளினிக்கை மூடாமலே இரண்டு வருஷம் தொலைதூரக் கல்வியாகப் பாடங்களைப் படிக்கிறார். இடையிடையே சில நாள் நேர்ப்பயிற்சிக்குப் போய்வருகிறார். நோயாளிகளை மேலிடத்துக்கு அனுப்புவதைக் குறைத்து, தம்மிடமே தீர்த்துவைப்பதைப் பெருக்கவேண்டும் என்பது அதன் லட்சியம்.

ஆயினும் அனுப்பித்தான் ஆகவேண்டிய நோயாளிகள் இருக்கவே இருப்பார்கள். சேலத்திலேயே 1986 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தனியார் ஆஸ்பத்திரிகளுக்கும் குறைவில்லை. எங்கு அனுப்பினாலும், நோய் இன்னதென்று முடிவாயிற்று, செய்த சிகிச்சை இது என நோயாளியை அனுப்பிய டாக்டருக்கு இரண்டு வரி பதில் வந்து சேருமானால், அதற்கு நிகரான பாடம் எந்த மண்டபத்திலும் கிடைக்காது என்பது என் அபிப்பிராயம். ஆனால் நோயாளி கையில் அவர் எழுதிக் கொடுத்தனுப்பிய சீட்டு பெரும்பாலும் போனது போனதுதான். ஆறு மாதம் கழித்து, அந்தக் கிழவியே வழியில் எட்டிப் பார்த்து, “காலை எடுக்காமக் காப்பாத்திட்டாங்க சாமி” என்றால்தான் டாக்டருக்கு விஷயம் தெரியவருகிறது.