வாழ்த்துப் பாட்டு தெரியும்... படம் தெரியுமா?

காலேஜ்ல எந்த ஃபங்ஷன்னாலும் முதல் ஐட்டம் தமிழ்த்தாய் வாழ்த்து. எழுந்து நிக்கறோம், பாடறோம், உட்கார்ந்துடறோம். அது 'மனோன்மணீயம்' நாடகத்தோட ஆரம்பத்துல வர்ற பாட்டுன்னு பத்தாங்கிளாஸ்லயே மனப்பாடம் பண்ணியிருப்பீங்க. ஆனா அந்த நாடகம் சினிமாவா வந்தது தெரியுமா? அதுவும் ரெண்டாம் உலகப் போர் நடுவுல, நம்ம கொங்குச் சீமையில!

வெள்ளகோவில்ல பஸ் ஏறி, முத்தூர் வழியா ஈரோடு, அங்கிருந்து சங்ககிரி தாண்டினா சேலம். ஏற்காடு ரோட்டுல ஒரு பழைய வளைவு நிக்கும். டி.ஆர்.சுந்தரத்தோட மாடர்ன் தியேட்டர்ஸ் வாசல் அது. உள்ளே இருந்த ஸ்டூடியோ இப்ப இல்ல. நூறு படங்களுக்கு மேல எடுத்த அந்தக் கம்பெனி, 1942-ல கொடுத்த படம்தான் 'மனோன்மணி'. ஹீரோ பி.யு.சின்னப்பா, ஹீரோயின் டி.ஆர்.ராஜகுமாரி. டைரக்டர் சுந்தரமே!

1942 சாதாரண வருஷம் இல்லீங்க. ஏப்ரல்ல விசாகப்பட்டினத்துலயும் காக்கிநாடாவுலயும் ஜப்பான் குண்டு விழுந்துச்சு. அடுத்தது நாமதான்னு பயந்து சென்னையில பாதிப் பேர் மூட்டை கட்டினாங்க. மறு வருஷமே ஃபிலிம் தட்டுப்பாட்டால, ஒரு படம் 11,000 அடியைத் தாண்டக்கூடாதுன்னு அரசாங்கம் கட்டுப்பாடு போட்டுச்சு. அதாவது, ரெண்டு மணி நேரப் படம்!

போர்க்காலத்துல மேடை நாடகத்தைத் தேடிப் போனது நாம மட்டும் இல்ல. 'பைசைக்கிள் தீவ்ஸ்' எடுத்த இத்தாலிக்காரர் டி சிக்கா, 1940-ல டைரக்டரா அறிமுகமான 'ரோஸ் ஸ்கார்லாட்டே' படமும் ஒரு நாடகத்துல இருந்து வந்ததுதான். ஆனா அது ஜாலியான காதல் காமெடி. நம்ம கதை வேற ரகம்.

பாண்டிய ராஜா ஜீவகன். அவரை ஆட்டி வைக்கிற மந்திரி குடிலன். இளவரசி மனோன்மணியும் சேர ராஜா புருஷோத்தமனும் ஒருத்தரை ஒருத்தர் கனவுல மட்டுமே பார்த்துக் காதலிக்கிறாங்க. சேர நாட்டுக்குக் கல்யாணத் தூது போகணும். குடிலன் தன் மகன் பலதேவனை அனுப்ப, அவன் நாஞ்சில் நாடு எங்களுதுன்னு வம்பு பேச, கல்யாணப் பேச்சு போர்ல முடியுது! கடைசியில ஒரு சுரங்கப் பாதைதான் எல்லாரையும் காப்பாத்துது.

கவனிச்சீங்களா? ரெண்டு நாட்டு ஜனங்களுக்கு நடுவுல எந்தப் பகையும் இல்ல. ஒரு மந்திரியோட பேராசை, தூது போனவனோட திமிர்ப் பேச்சு... அவ்ளோதான் போருக்குக் காரணம். உலகமே எரிஞ்சிட்டிருந்த நேரத்துல இந்தக் கதை திரைக்கு வந்ததுதான் மேட்டரே.

எழுதினவர் பெ.சுந்தரம் பிள்ளை, திருவனந்தபுரத்துல தத்துவப் பேராசிரியர். லிட்டன்ங்கற ஆங்கில எழுத்தாளரோட கதையை வெச்சு 1891-ல செய்யுள்லயே எழுதினார். நடிக்கிறதைவிட படிக்கிறதுக்குன்னு எழுதின நாடகம். ஆனா 1941-ல இந்தியாவுல எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்க நூத்துக்கு சுமார் 16 பேர்தான். மத்தவங்களுக்கு அந்தக் கதையைக் காட்டினது சினிமாதான். 1897-லயே காலமான சுந்தரம் பிள்ளை, அதைப் பார்க்க இல்லை.

1970-ல அந்தப் பாட்டு, சில வரிகளை விட்டுட்டு தமிழ்த்தாய் வாழ்த்தாச்சு. எம்.எஸ்.விஸ்வநாதன் மெட்டு. 2021-ல மாநிலப் பாடல்னே அறிவிச்சாங்க. பாட்டுக்கு எழுந்து நிக்கறோம், சரி. அதுக்குப் பின்னால இருக்கிற கதையை யாரு படிக்கிறது?

உங்க காலேஜ் லைப்ரரியில தமிழ் அலமாரியைத் துழாவிப் பாருங்க, 'மனோன்மணீயம்' இருக்கும். செய்யுள் புரியலைன்னா தமிழ் சாரைப் பிடிங்க. அடுத்த கல்ச்சுரல்ஸுக்கு ஸ்கிட் தேடுறீங்களா? பலதேவன் தூது போற சீன் ஒண்ணு போதும்... போர் எப்படி ஆரம்பிக்குதுன்னு பத்தே நிமிஷத்துல காட்டிடலாம்!