பெயரில் சென்னை, வெற்றி கோவையில்!

திருத்தணியைத் தாண்டி, ஆந்திர எல்லையோரத்தில் இருக்கிறது பள்ளிப்பட்டு. 1960-ம் ஆண்டு மார்ச் 31-ந் தேதி இரவு அந்த ஊர் மக்கள் ஆந்திராவில் படுத்துத் தூங்கினார்கள். விடிந்தபோது சென்னை ராஜ்யத்தில் எழுந்தார்கள்! ஊர் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. எல்லைக்கோடுதான் நகர்ந்தது.

இதற்கு நேர்மாறாக நடந்தது ஒரு கால்பந்துக் கழகம். அது ஊரை விட்டுப் போயிற்று. பெயரை மட்டும் விடவில்லை. "சென்னை சிட்டி" என்ற பெயரோடு கோயமுத்தூருக்குப் போனது. அங்கே இந்தியாவின் கோப்பையை வென்றது. அதன்பின் மூன்று ஆண்டு முடிவதற்குள் பந்தயத்தில் இருந்தே மறைந்தது.

நேதாஜியின் பெயரில்

நாடு விடுதலை பெறுவதற்கு ஓர் ஆண்டு முன்பு, 1946-ல், சென்னையில் தொடங்கப்பட்டது நேதாஜி விளையாட்டுக் கழகம். பல ஆண்டுகள் சென்னை நகருக்குள்ளேயே லீக் ஆட்டங்களில் ஆடி வந்தது. பிறகு அதன் பெயர் சென்னை சிட்டி என்று மாறியது.

2017-ம் ஆண்டு ஐ-லீக் போட்டியில் அதற்கு நேரடியாக இடம் கிடைத்தது. ஐ-லீக் என்பது அகில இந்திய அளவில் கழகங்கள் மோதும் போட்டி. கல்கத்தாவின் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் போன்ற பெரும் புள்ளிகள் ஆடிய இடம். புதிய அணிக்கு அங்கே என்ன கிடைக்கும்? முதல் ஆண்டு, 10 அணிகளில் 8-வது இடம். இரண்டாம் ஆண்டும் அதே 8-வது இடம்தான்.

இதற்கிடையே ஜாகையும் மாறியது. சென்னை நேரு ஸ்டேடியத்தில் "சென்னையின்" என்ற வேறொரு பெரிய அணி ஆடிக்கொண்டிருந்தது. சென்னை சிட்டி கோவைக்குக் கிளம்பியது. அங்கேயும் ஒரு நேரு ஸ்டேடியம் உண்டு!

அன்று மாலை

மூன்றாம் ஆண்டில் சிங்கப்பூரில் இருந்து அக்பர் நவாஸ் பயிற்சியாளராக வந்தார். பெட்ரோ மான்சி, நெஸ்டர் கோர்டில்லோ, சாண்ட்ரோ ரோட்ரிகஸ் முதலிய வெளிநாட்டு வீரர்கள் வந்தார்கள். எட்வின் வான்ஸ்பால், அஜித்குமார், ரொமாரியோ ஜேசுராஜ் என்ற நம் பிள்ளைகளும் அவர்களோடு ஆடினார்கள். பந்தைச் சும்மா தூக்கி அடிக்காமல், காலுக்குக் கால் கடத்திக்கொண்டு போகும் ஆட்டம். பார்க்கிறவர்களுக்கும் அது பிடித்திருந்தது.

கடைசி ஆட்டம் 2019-ம் ஆண்டு மார்ச் 9-ந் தேதி கோவையில் நடந்தது. எதிரே இருந்தது முந்தைய ஆண்டு சாம்பியனான மினர்வா பஞ்சாப்.

சென்னை சிட்டியிடம் 40 புள்ளிகள். ஈஸ்ட் பெங்காலிடம் 39. அந்த அணியும் அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஆடிக்கொண்டிருந்தது. வெற்றிக்கு 3 புள்ளி, சமமாக முடிந்தால் 1 புள்ளி. ஆகவே ஈஸ்ட் பெங்கால் ஜெயித்து, சென்னை சிட்டி சமமாக முடித்தால்கூட கோப்பை கல்கத்தாவுக்குப் போய்விடும்.

ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே பஞ்சாப் ஒரு கோல் போட்டுவிட்டது! இடைவேளை வரை அதற்குப் பதில் இல்லை. கோவை ரசிகர்களின் நெஞ்சு எப்படி அடித்துக்கொண்டிருக்கும்!

இடைவேளைக்குப் பின் ஒரு பெனால்டி. மான்சி அதைக் கோலாக்கினார். அடுத்த கோலைப் போட்டவர் கவுரவ் போரா. அசாம்காரர். கோல் போடுவது அவர் வேலையே அல்ல, அவர் தடுப்பாட்டக்காரர். ஆட்டம் முடியும் தறுவாயில் இன்னொரு கோலையும் அவரே போட்டார். 3-1!

கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் ஜெயித்தது. ஆனாலும் பயனில்லை. சென்னை சிட்டி 43, ஈஸ்ட் பெங்கால் 42. ஒரே ஒரு புள்ளி வித்தியாசம். தமிழ்நாட்டுக் கழகம் ஒன்று ஐ-லீக் கோப்பையைத் தொட்டது அதுவே முதல் தடவை. மான்சி அந்த ஆண்டு போட்ட கோல்கள் 21.

மாடி கீழ்த்தளம் ஆனது

வெற்றி வந்த வேளைதான் சரியில்லை.

2019-20 முதல் இந்தியாவின் தலையாய லீக் என்ற தகுதி, பணக்கார முதலாளிகள் நடத்தும் ஐ.எஸ்.எல். போட்டிக்குப் போய்விட்டது. ஐ-லீக் இரண்டாம் படி ஆயிற்று. மூச்சைப் பிடித்து மாடி ஏறியவனிடம், "இதுதான் இனி கீழ்த்தளம்" என்று சொன்னது போல!

ஐ-லீக்கை வென்றால் மேலே போகலாம் என்ற ஏற்பாடு அப்போது நடைமுறையில் இல்லை. 2022-23-ல்தான் அது வந்தது. பணமும் விளம்பரமும் டெலிவிஷனும் இருந்த இடத்துக்கு வீரர்கள் போனார்கள். எட்வின் சென்னையின் அணிக்கும், அஜித்குமார் பெங்களூருக்கும், ரொமாரியோ கோவாவுக்கும் போனார்கள். மான்சி 2020 ஜனவரியில் ஜப்பானுக்குப் போய்விட்டார்.

அதே மாதம், ஆசிய சாம்பியன் கழகங்களுக்கான போட்டியின் தகுதிச் சுற்றில், பஹ்ரைனின் ரிஃபா அணியிடம் 0-1 என்று சென்னை சிட்டி தோற்றது. மார்ச்சில் மாலத்தீவின் மாசியா அணியோடு 2-2. உடனே கொரோனா வந்து அந்தப் போட்டியையே நிறுத்திவிட்டது.

2021-ல் ஐ-லீக் ஆட்டங்கள் முழுவதும் வங்காளத்திலேயே நடந்தன. கோவை ரசிகர்கள் தங்கள் அணியை நேரில் பார்க்க முடியவில்லை. சென்னை சிட்டி கடைசி 5 அணிகளின் கூட்டத்தில் கிடந்தது. அடுத்த 2021-22 போட்டியில் அதன் பெயரே இல்லை.

பின்லாந்து நாட்டில் வால்கேயகோஸ்கி என்று ஒரு சிறிய ஊர். காகித ஆலை ஊர். அங்கே உள்ள ஹாகா கழகம் 9 முறை அந்த நாட்டின் சாம்பியன். 2012-ல் அதுவும் கீழ்ப்பிரிவுக்கு விழுந்தது. ஆனால் அங்கே ஏணி இருந்தது. 7 ஆண்டு கழித்து, 2019-ல் கீழ்ப்பிரிவை வென்று மேலே ஏறி வந்தது.

கோவையில் அன்று தோற்றுப்போன பஞ்சாப் அணி என்ன ஆயிற்று? கை மாறியது, பெயர் மாறியது, ஆனால் ஆடிக்கொண்டே இருந்தது. 2023-ல் ஐ-லீக்கை வென்று, புதிதாகப் போட்ட ஏணியில் ஐ.எஸ்.எல்.லுக்கு ஏறிய முதல் அணி அதுதான்.