பிள்ளைகளின் தெருவில் கார்கள்

பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் மாலை ஐந்து மணிக்குத் திருவனந்தபுரத்துக் கரமனையில் எங்கே இருக்கிறார்கள்? சிலர் டியூஷனில். சிலர் கராத்தே, நீச்சல், ஷட்டில் வகுப்புக்குப் போகிற வழியில், அப்பாவின் ஸ்கூட்டர் பின்சீட்டில். மற்றவர்கள் வீட்டுக்குள்ளே. தெருவில் மட்டும் இல்லை. தெருவில் கார்கள் நிற்கின்றன.

அக்கிரகாரத் தெரு ஒன்றில் போய் நின்று பாருங்கள். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். உள்ளே வண்டி நிறுத்த இடம் கிடையாது. வாங்கிய காரெல்லாம் வாசலில்தான். ஒரு பக்கம் வரிசையாகக் கார் நின்றுவிட்டால், மிச்சம் இருப்பது ஓர் ஆட்டோ நுழைகிற அகலம். அந்தச் சந்தில் மூன்று பையன்கள் பிளாஸ்டிக் மட்டையோடு கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஆட்டத்தின் விதிகளே காருக்குத் தகுந்தபடி மாறியிருந்தன. தூக்கி அடித்தால் அவுட். வேகப்பந்து கூடாது. பந்து காருக்கு அடியில் உருண்டு போனால் ஒருவன் குப்புறப் படுத்துக் குடைக்கம்பால் துழாவுகிறான், மற்ற இருவரும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். ஸ்கூட்டர் வந்தால் சுவரோரம் ஒதுங்குகிறார்கள், அது போனதும் மறுபடி தொடங்குகிறார்கள். அவர்கள் ஓடிய நேரத்தைவிட ஒதுங்கி நின்ற நேரம்தான் அதிகம். ஆனாலும் அந்த மூன்று பேரை நான் பாராட்டுகிறேன். அவர்களாவது வெளியே வந்தார்கள்.

பிள்ளைகளுக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, எடை கூடுகிறது என்று பேச்செடுத்தால் எல்லோரும் உடனே செல்போனைத்தான் குற்றம் சொல்கிறோம். செல்போன் மீது எனக்கும் அன்பு இல்லை. ஆனால் போன் வந்து பிள்ளையைத் தெருவிலிருந்து இழுத்துப் போகவில்லை. தெரு முதலில் மூடப்பட்டது. வெளியே போக இடமில்லாத பிள்ளையின் கையில்தான் பிற்பாடு போன் வந்து சேர்ந்தது.

ஐந்து வயது முதல் பதினேழு வயது வரை உள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்குகிற அளவுக்கு உடலை அசைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2016ஆம் ஆண்டு நிலவரத்தை வைத்து அது எடுத்த உலகக் கணக்கில், 11 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 81 சதவீதம் பேர் இந்த ஒரு மணி நேரத்தை எட்டவில்லை. பையன்களில் 78 சதவீதம், பெண்பிள்ளைகளில் 85. இந்தியாவில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர். உடல்திறனும் இறங்கிக்கொண்டுதான் வருகிறது. பல நாடுகளின் ஓட்டப் பதிவுகளைச் சேர்த்துப் பார்த்து 2013இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு மைல் தூரத்தை ஓட இன்றைய பிள்ளைகளுக்கு அவர்களுடைய பெற்றோர் அந்த வயதில் எடுத்துக்கொண்டதைவிட ஒன்றரை நிமிடம் கூடுதலாகத் தேவைப்படுகிறது என்றது. நம் பள்ளிகளிலும் கேலோ இந்தியா உடல்தகுதிச் சோதனையில் 600 மீட்டர் ஓட்டம் உண்டு. முதல் இருநூறு மீட்டரிலேயே நடக்கத் தொடங்கும் பிள்ளைகளை எந்த விளையாட்டு ஆசிரியரைக் கேட்டாலும் காட்டுவார்.

இதற்கும் வெளியே இருப்பதற்கும் என்ன தொடர்பு என்று கனடா ஆய்வாளர்கள் உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் திரட்டி 2015இல் பார்த்தார்கள். வெளியே கழியும் நேரம் கூடக் கூடப் பிள்ளையின் அசைவு கூடுகிறது, உட்கார்ந்திருப்பது குறைகிறது, இதயமும் நுரையீரலும் சேர்ந்து தாங்குகிற திறன், அதாவது தம், மேலாக இருக்கிறது. தசை வலு போன்ற மற்றவற்றுக்கு அவ்வளவு தெளிவான விடை கிடைக்கவில்லை. எனக்கு அந்த முதல் மூன்றே போதும். கண்ணைப் பற்றிய சேதியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சீனாவின் குவாங்சோ நகரப் பள்ளிகளில் தினமும் 40 நிமிடம் கூடுதலாகப் பிள்ளைகளை வெளியே விட்டார்கள். மூன்று ஆண்டில் கிட்டப்பார்வை வந்தவர்கள் அங்கே 30 சதவீதம், வழக்கம்போல் இருந்த பள்ளிகளில் 40 சதவீதத்தை ஒட்டி.

குழந்தை ஓடுவது பெரியவர்கள் ஓடுவதுபோல் அல்ல. நாம் பூங்காவில் முப்பது நிமிடம் ஒரே சீராக நடப்போம். குழந்தை அப்படிச் செய்யாது. 1990களில் அமெரிக்காவில் பிள்ளைகளை வினாடிக் கணக்கில் உட்கார்ந்து கவனித்தவர்கள், அவர்களுடைய மும்முரமான பாய்ச்சல்களில் பெரும்பாலானவை பதினைந்து வினாடிகூட நீடிப்பதில்லை என்று கண்டார்கள். பாய்வது, நிற்பது, குனிந்து எதையோ பொறுக்குவது, மறுபடி பாய்வது. இப்படி நூற்றுக்கணக்கான சின்னச் சின்னப் பாய்ச்சல்கள் சேர்ந்துதான் அந்த அறுபது நிமிடம். இதற்கு வேண்டியது கோச் அல்ல, யூனிபார்ம் அல்ல. வாசலைத் தாண்டினால் கால் வைக்க இடம், கூப்பிட்டால் வருகிற இன்னொரு பிள்ளை, இரண்டு மணி நேரம். வகுப்பில் சேர்த்த பிள்ளை தன் முறை வரும்வரை வரிசையில் நிற்கிறது, வாரத்தில் இரண்டு நாள் போகிறது, பரீட்சை வந்தால் முதலில் நிறுத்தப்படுவதும் அந்த வகுப்புதான்.

நம் ஊர் வெளிச்சத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். குளிர்நாடுகளில் மாதக்கணக்கில் பிள்ளையை வெளியே விட முடியாது. திருவனந்தபுரத்தில் ஆண்டு முழுக்க மாலை ஆறு மணி வரை வெளிச்சம் உண்டு. துலாவர்ஷம் என்கிற வடகிழக்குப் பருவமழையில் மத்தியானத்துக்கு மேல் இடியோடு மழை கொட்டும், இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையில் சில நாள் விடாமல் பெய்யும், வாஸ்தவம். அதைக் கழித்தாலும் எத்தனை மாலைகள் மிஞ்சுகின்றன! அத்தனையும் கார்கள் நிற்கப் பயன்படுகின்றன.

இதில் பெண்பிள்ளைகள் பாடுதான் எனக்குப் பொறுக்கவில்லை. தெரு ஆட்டம் இருந்தவரை அவர்களும் ஆடினார்கள். வாசலில் கட்டம் போட்டுப் பாண்டி ஆடினார்கள், ஓடிப்பிடித்தார்கள், சைக்கிள் பழகினார்கள். திண்ணையில் பாட்டி உட்கார்ந்திருந்தாள். எதிர்வீட்டு மாமி கீரைக்காரியிடம் விலை பேசியபடியே ஒரு கண் வைத்திருந்தாள். யாரும் தனியாகக் காவல் நிற்க வேண்டியிருக்கவில்லை. அந்தத் தெரு போனதும் பையன்கள் எப்படியோ ஒரு மைதானத்தைத் தேடிப் போனார்கள். பெண்பிள்ளையை அவ்வளவு தூரம் தனியே அனுப்ப வீட்டில் சம்மதிக்கவில்லை. மைதானத்தில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருக்க, ஓரத்தில் நிற்கவும் அவளுக்கு இடமில்லை. 78க்கும் 85க்கும் உள்ள வித்தியாசத்தில் ஒரு பங்காவது இந்த வாசல் கதைதான் என்று நான் நம்புகிறேன்.

விளையாட்டு மைதானம் இல்லாத பள்ளிகளை மூட வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2024இல் சொன்னது பெரிய விஷயம். மைதானம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் மைதானத்துக்குப் போய்ச் சேர வேண்டுமே? களியக்காவிளைப் பக்கம் போகிற நெடுஞ்சாலையை அகலப்படுத்திய பிறகு கரமனையில் பெரியவர்களே குறுக்கே கடக்கத் தயங்குகிறார்கள். பத்து வயதுப் பிள்ளை எப்படிக் கடக்கும்? பிள்ளையை விளையாட அழைத்துப் போகவும் கார் எடுக்கிறோம். அந்தக் கார் இன்னொரு தெருவில் இன்னொரு பிள்ளையின் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறது. ஏறத்தாழ மூன்றரைக் கோடி பேர் வாழும் கேரளத்தில் பதிவான வாகனங்கள் ஒன்றரைக் கோடியைத் தாண்டிவிட்டன. இவை நிற்பதற்கே எவ்வளவு இடம் வேண்டும் என்று யோசித்தால் தலை சுற்றுகிறது.

தெருநாய் பயம்தான் முதல் காரணம் என்பவர்கள் உண்டு. அவர்கள் பயம் நியாயமானதே. ஆனால் நாய் வராத தெருவிலும் பிள்ளைகளைக் காணோம்.

இங்கிலாந்தில் 1971இல் ஏழெட்டு வயதுப் பிள்ளைகளில் 80 சதவீதம் பேர் பெரியவர் துணை இல்லாமல் பள்ளிக்குப் போனார்கள். 1990இல் அது 9 சதவீதம். அந்த இடைவெளியில் சாலையில் அடிபட்டு இறந்த பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்தது. சாலை பாதுகாப்பாகிவிட்டது என்று அரசு மகிழ்ந்தது. ஆய்வு செய்தவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. சாலையின் ஆபத்து குறையவில்லை, பிள்ளைகளைத்தான் அங்கிருந்து அப்புறப்படுத்திவிட்டோம் என்றார்கள். நாமும் அதே வழியில் போகிறோம். கரமனையாற்றுக் கடவில் நீந்தக் கற்ற தலைமுறை ஒன்று இருந்தது, ஆற்றின் அழுக்கு அதைத் தடுத்தது. மிச்சமிருந்த தெருவை நாமே விட்டுக்கொடுத்தோம்.

நெதர்லாந்தும் அப்படித்தான் இருந்தது. 1971இல் மட்டும் அங்கே சாலைகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், அவர்களில் நானூறுக்கு மேல் குழந்தைகள். தாய்மார்கள் தெருவுக்கு வந்தார்கள். ஆம்ஸ்டர்டாமில் பிள்ளைகளே தங்கள் தெருவை மறித்து விளையாடினார்கள். அதற்கென அறிவிக்கப்பட்ட குடியிருப்புத் தெருவில் நடப்பவருக்கும் விளையாடுபவருக்கும்தான் முதல் உரிமை, கார் நடைவேகத்தில் ஊர வேண்டும் என்று 1976இல் சட்டமே வந்தது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 2009இல் சில பெற்றோர் பள்ளி விட்ட பிறகு சில மணி நேரம் தங்கள் தெருவை அடைத்தார்கள். அந்த வழக்கம் பல ஊர்களுக்குப் பரவியது.

வெளிநாட்டுக் கதை நமக்கு ஒத்துவராது என்று சொல்ல முடியாது. ஆற்றுகால் அம்மனுக்குப் பெண்கள் தெருவில் பொங்கலிடும் பொங்காலை அன்று இதே கரமனையில் என்ன நடக்கிறது? தெருவெல்லாம் மூன்று மூன்று செங்கல்லாக அடுப்பு. வாசலில் ஒரு கார் கிடையாது. எல்லாம் முதல்நாளே எங்கெங்கோ போய்விடுகின்றன. யாரும் சண்டை போடுவதில்லை. புகைக்கு நடுவே பிள்ளைகள் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓடுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தெரு எவ்வளவு நீளம் என்று. அம்மனுக்காக ஒரு நாள் முழுக்க முடிகிறது.

பிள்ளைகளுக்கு வாரத்தில் மூன்று மாலை, நான்கரையிலிருந்து ஆறரை வரை, ஒரே ஒரு தெரு போதும். ரெசிடென்ட்ஸ் அசோசியேஷன் கூட்டத்தில் ஓணச்சந்தா பேசுகிற நேரத்தில் இதையும் பேசலாம். இரண்டு முனையிலும் ஒரு பெஞ்சு போட்டு மறிக்கலாம், பால்வண்டிக்கும் ஆம்புலன்சுக்கும் எடுத்துவிடலாம். யார் கார் அந்த இரண்டு மணி நேரம் எங்கே நிற்கும் என்பதுதான் கஷ்டமான கேள்வி. ஏப்ரல், மே விடுமுறைக்குள் எந்தக் கார் எங்கே என்ற பட்டியலை எழுதி முடித்தால் ஜூனில் பள்ளி திறக்கும்போது பிள்ளைகளுக்கு ஒரு தெரு இருக்கும்.