வாய்விட்டுப் பேசும் தியானம்

“அரை மணி நேரம் தனியாகப் போங்கள். ஆளுக்கொரு மரத்தடியைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டுப் பேசுங்கள். விஷயம் தீர்ந்துபோனால், தீர்ந்துபோனதையே சொல்லுங்கள். மூன்று மூன்று இலையாக இருக்கும் செடியை மட்டும் தொடாதீர்கள், உடம்பெல்லாம் அரிக்கும்.”

தியானத்துக்கு வந்தவர்களிடம் ஒருவர் இப்படிச் சொல்லி அதற்கு முன் நான் கேட்டதே இல்லை. எனக்குத் தெரிந்த தியானம் அப்பாவுடையது. அவர் பூஜை அறையில் கண்ணை மூடினால் வீடே குசுகுசுவென்றுதான் பேச வேண்டும்.

கலிஃபோர்னியாவில், பெர்க்லி நகருக்கு மேலே மலையில் இருக்கிறது டில்டன் பூங்கா. மழைக்காலத்தில் நீர்ப்பல்லிகள் நசுங்காமல் சாலையைக் கடக்கட்டும் என்று நவம்பர் முதல் மார்ச் வரை ஒரு சாலையையே வண்டிகளுக்கு மூடிவிடுகிற ஊர் அது. வெள்ளிக்கிழமை மாலையில் அங்கே யூத இளைஞர்கள் சிலர் கூடுகிறார்கள். என் வீட்டுத்தோழியும் அதில் ஒருத்தி. “சும்மா வா. ஆள் பிடித்து மதம் மாற்றும் பழக்கம் எங்களுக்குக் கிடையாது” என்று சிரித்துக்கொண்டே என்னையும் இழுத்துப்போனாள்.

இந்தப் பேச்சுத் தியானத்துக்கு ஹித்போதெதுத் என்று பெயர். இதைப் பரப்பியவர் உக்ரைனில் வாழ்ந்த யூத மதகுரு, ரபி நக்மன் (1772–1810). எலும்புருக்கி நோயால் 38 வயதிலேயே இறந்துபோனவர். தினமும் ஒரு மணி நேரம் தனியே போய்க் கடவுளிடம் பேசு, வயல்வெளியோ காடோ என்றால் இன்னும் நல்லது என்றார். வேத மொழியான எபிரேயத்தில்தான் பேச வேண்டும் என்றில்லை, வீட்டில் பேசும் மொழியே போதும் என்பது அவர் கொடுத்த பெரிய சலுகை. அவருடைய சீடர்களுக்கு அது யூதர்களின் பேச்சுமொழியான இத்திஷ். வார்த்தை வரவில்லையா, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல், அதுவும் கணக்கில் சேரும் என்றார்.

வெளியே போய் வழிபடுவது அவர் தொடங்கியதும் அல்ல. மாலை நேரத்தில் வயலுக்குப் போன ஈசாக்கின் கதை யூத வேதத்தின் முதல் நூலான ஆதியாகமத்தில் வருகிறது. யூதர்கள் தினமும் சொல்லும் பிற்பகல் தொழுகைக்கு அந்த நடைதான் மூலம் என்கிறது தல்மூத் என்ற பழைய யூத நூல். 16ஆம் நூற்றாண்டில் கலிலேயா மலையிலுள்ள சஃபேத் ஊர் ஞானிகள், ஓய்வுநாளை ஒரு மணப்பெண்ணாகப் பாவித்து, வெள்ளி மாலையில் வயலுக்கே போய் வரவேற்றார்கள். அவர்களில் ஒருவரான ஷ்லோமோ அல்கபெட்ஸ் எழுதிய ‘லேகா தோதி’ இன்று உலகெங்கும் ஜெப ஆலயங்களில் பாடப்படுகிறது. கடைசிச் சரணத்தில் எல்லோரும் வாசல் பக்கம் திரும்பித் தலைவணங்குவார்கள். புல்வெளியில் வாசலுக்கு எங்கே போவது? டில்டனில் சூரியன் இறங்கும் திசைக்குத் திரும்பிக்கொள்கிறார்கள்.

பேச்சுக்கு முன்னால் நடை உண்டு. கைபேசிகள் எல்லாம் ஒரு பைக்குள் போய்விடும். நடந்துகொண்டே வந்த தோழி ஒரு மரத்திலிருந்து இலை பறித்துக் கசக்கி என் மூக்கருகே நீட்டினாள். நம் பிரிஞ்சி இலைக்கு ஒன்றுவிட்ட உறவு. நெடி மட்டும் பல மடங்கு. முகர்வதற்கு முன் அவள் ஒரு வரி முணுமுணுத்தாள். மணக்கும் மரங்களைப் படைத்தவனுக்கான வாழ்த்து அது. கடலுக்கு, வானவில்லுக்கு, இடிக்கு, வசந்தத்தில் பூக்கும் பழமரத்துக்கு என்று யூதர்களிடம் தனித்தனி வாழ்த்துகள் உண்டு. ஒரு நாளைக்கு நூறு சொல்ல வேண்டும் என்பது மரபு. மின்னலுக்கான வாழ்த்தை மின்னிய சில விநாடிகளுக்குள் சொல்லிவிட வேண்டும். தவறவிட்டால் அடுத்த மின்னல்தான். மைண்ட்ஃபுல்னெஸ் என்று இன்று காசு கொடுத்துப் படிப்பதில் ஒரு பங்கு, எந்த அரவமும் இல்லாமல் இந்தப் பட்டியலுக்குள்ளேயே இருந்திருக்கிறது.

அப்படியிருந்தும் அமெரிக்க யூத இளைஞர்கள் தியானம் தேடிக் கிழக்கேதான் வந்தார்கள். 1975இல் மாசசூசெட்ஸில் விபாசனா மையம் தொடங்கிய ஜோசப் கோல்ட்ஸ்டீன், ஜாக் கார்ன்ஃபீல்ட், ஷாரன் சால்ஸ்பர்க் மூவருமே யூதக் குடும்பத்தில் பிறந்து, ஆசியாவில் பயின்றவர்கள். 1990இல் யூத அறிஞர் குழு ஒன்று தரம்சாலா சென்று தலாய் லாமாவைச் சந்தித்தது. நாடிழந்தும் இத்தனை காலம் உங்கள் மதத்தை எப்படிக் காப்பாற்றினீர்கள் என்பதை அவர் தெரிந்துகொள்ள விரும்பினார். எங்கள் பிள்ளைகள் ஏன் உங்களிடம் வருகிறார்கள் என்ற கேள்வி இவர்களிடம் இருந்தது. பௌதிகம் படித்த ரபி ஆர்யே கப்லான் அதற்கு முன்பே பழைய நூல்களைத் தோண்டி, நம்மிடமும் தியானம் உண்டு என்று எழுதத் தொடங்கியிருந்தார். அவர் இறந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1985இல் ‘யூத தியானம்’ நூல் வந்தது. பெர்க்லியில் 2007இல் தொடங்கப்பட்ட ‘வில்டர்னஸ் தோரா’ போன்ற அமைப்புகள் யூத வழிபாட்டைக் கூரைக்கு வெளியே கொண்டுபோயின.

இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருப்பவர்கள் இதற்கு ஏன் வருகிறார்கள்? ஜெப ஆலயம் பெரும்பாலும் குடும்பஸ்தர்களின் இடம். ஆண்டுச் சந்தா, பிள்ளைகளுக்கு ஞாயிறு வகுப்பு என்று அதன் கணக்கே வேறு. வேலைக்காக ஊர்விட்டு வந்து, அறையைப் பங்குபோட்டு வாழும் ஒண்டிக்கட்டைக்கு அங்கே என்ன வேலை?

என் அரை மணி நேரத்தை நான் தமிழில் பேசினேன். விசாவில் தொடங்கி வாடகைக்கு வந்து, மீதி நேரம் முழுக்க அம்மாவின் முழங்கால் வலியிலேயே நின்றேன். எது என்னை அரித்துக்கொண்டிருக்கிறது என்பதை அந்த நேரப் பங்கீடே காட்டிக்கொடுத்தது.

திரும்பும் வழியில் தோழியிடம் கேட்டேன்: “உனக்குத்தான் கடவுள் நம்பிக்கை கிடையாதே, யாரிடம் பேசுகிறாய்?”

“மனசுக்குள் யோசித்தால் எனக்குச் சாதகமாகவே தீர்ப்பு எழுதிக்கொள்வேன். வாய்விட்டுச் சொன்னால் என் காதே என்னைப் பிடித்துவிடும். கடவுள் கேட்டால் கேட்டுக்கொள்ளட்டும்.”

இதற்கு மெத்தை வேண்டாம், மணி வேண்டாம், செயலிக்கு மாதச் சந்தாவும் வேண்டாம். அடுத்தவர் காதுக்கு எட்டாத தூரம் ஒன்று போதும். சுவருக்கு அந்தப்பக்கம் இருமினால் இந்தப்பக்கம் கேட்கும் வாடகை அறையில் கிடைக்காதது அது ஒன்றுதான். மலையேற வேண்டியிருப்பது அதற்காகத்தான்.